மக்கும்... ஆனால் எங்கே?

சில கடைகளில் இப்போது பச்சை எழுத்தில் 'மக்கும் பை' என்று அச்சடித்துத்தான் கொடுக்கிறார்கள். வாங்கும்போதே பூமியைக் காப்பாற்றிவிட்ட திருப்தி நமக்கு!

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் சுண்ணாம்புக்குளத்தில் இந்தத் திருப்தி செல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கப் போயிருந்தேன். பெரியவர் ஒருவர் வலையை உதறினார். நாலு நண்டு, ஒரு கை இறால், கூடவே ஒரு மக்கும் பை.

"எப்பத் தம்பி இது மக்கும்? வலையில மாட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நியாயமான கேள்வி. பை சேரச் சேர வலை கனக்கும், வருமானம் கனக்காது.

சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஒரு சுகவாசி, சார். 55, 60 டிகிரி சூடு இருந்தால்தான் ஒழுங்காக மக்கும். ஏரித் தண்ணீரில் போட்டால் நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி வருஷக்கணக்கில் அசையாமல் கிடக்கும்.

அதையே காற்றுப் புகாத தொட்டியில், காய்கறிக் கழிவோடு சேர்த்து 55 டிகிரியில் வைத்தால், பாக்டீரியாக்கள் மெதுவாகத் தின்று மீத்தேன் வாயுவாக்கிவிடும். அடுப்பு எரியும். நம்ம சாண எரிவாயு சமாசாரம்தான்!

1926-ல் பிரான்ஸின் மோரிஸ் லெமுவான் பாக்டீரியாவுக்குள்ளேயே கண்டுபிடித்த பி.எச்.பி. இன்னும் சமர்த்து. 35 டிகிரியிலேயே சில வாரங்களில் வாயுவாகிவிடும். விலைதான் ஜாஸ்தி.

ஆக, பிரித்துத் தொட்டியில் சேர்த்தால் எரிபொருள். கால்வாயில் வீசினால், சாதாரணப் பைக்கும் அதற்கும் பச்சை எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அடுத்த தடவை கடைக்காரர் பெருமையாக நீட்டினால், "எந்தத் தொட்டியில மக்கும்?" என்று கேளுங்கள். முறைப்பார். பரவாயில்லை, மஞ்சப்பை கைவசம் இருக்கட்டும்!