சகாய் கத்தியில் இல்லாத பெயர்கள்

ஒசாகாவில் கோடைக்கால மீன் என்றால் ஹமோதான். ஜூலை 24, 25 தேதிகளில் நடக்கும் தென்ஜின் திருவிழாவை ஒட்டி ஊரெல்லாம் அதைத் தேடிச் சாப்பிடும். விலாங்கு போல நீண்ட இந்த மீனுக்குச் சதை முழுக்க மெல்லிய முள். பிடுங்கி எடுக்க வழியில்லை. அதனால் அடித்தோல் அறுபடாமல் சதையையும் முள்ளையும் சேர்த்துப் பொடிப்பொடியாகக் கீறிவிடுகிறார்கள். ஒரு சுன், அதாவது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளத்துக்குள் 24 கீறல் விழவேண்டும் என்பது சமையற்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு.

நம்பா பக்கத்து உணவகம் ஒன்றில் வெட்டும் பலகைக்கு நேரெதிரே உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்தேன். கனத்த நீளக் கத்தி முன்னும் பின்னுமாகப் போய்வர, முள் நறுங்கும் சத்தம் ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. கீறிய துண்டை வெந்நீரில் விட்டதும் சதை சுருண்டு வெள்ளைப் பூவாக விரிந்தது. வாயில் போட்டால் முள் இருந்த சுவடே இல்லை. கத்தி எந்த ஊர் வேலை என்று கேட்டேன். “சகாய்” என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார் சமையற்காரர். அவருக்கு அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. எனக்குத்தான் அந்த ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

தென்னோஜியிலிருந்து கிளம்பும் ஹன்காய் டிராம் வீடுகளுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து, யமாதோ ஆற்றைத் தாண்டினால் சகாய் நகரம். ஒசாகாவின் புறநகர் போலத் தோன்றினாலும் அதைவிடப் பழைய பெருமை கொண்ட துறைமுக ஊர் இது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வணிகர்களே நிர்வாகம் நடத்தினார்கள். தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்யூ 1522-இல் பிறந்தது இங்கேதான். அதற்கும் ஆயிரம் ஆண்டு முன்னால், 5-ஆம் நூற்றாண்டில், 486 மீட்டர் நீளமுள்ள தாய்சென் மண்மேட்டுக் கல்லறை இங்கே எழுந்தது. அத்தனை மண்ணை வெட்டிக் குவிக்க இரும்புக் கருவிகள் வேண்டும். கருவி செய்ய வந்த கொல்லர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள்.

பிறகு போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கியும் புகையிலையும் ஜப்பானுக்கு வந்தன. சகாய் கொல்லர்கள் இரண்டையும் தொழிலாக்கிக்கொண்டார்கள். துப்பாக்கிக் குழல் அடித்தார்கள். புகையிலையை முடியிழை போல அரியும் கத்தியும் அடித்தார்கள். அந்தக் கத்தியின் தரத்தை ஏற்று, அப்போது ஜப்பானை ஆண்ட தோக்குகாவா அரசு ‘சகாய் கிவாமே’ என்ற முத்திரையைப் பதித்து விற்க அனுமதி தந்தது. சமையலறைக் கத்திகளும் அதே பட்டறைகளில் வளர்ந்தன. மீன் தலையை வெட்டும் கனத்த தெபா கத்தி அந்த ஆட்சி நடந்த எடோ காலத்தில் இந்த ஊரில் உருவானதுதான். இன்று ஜப்பானியச் சமையற்காரர்கள் தொழிலுக்கு வைத்திருக்கும் கத்திகளில் பத்துக்கு ஒன்பது சகாய் வேலை என்று இங்கே சொல்வார்கள்.

1945 ஜூலை 10-ஆம் தேதிக் குண்டுவீச்சில் நகரின் பெரும்பகுதி எரிந்துபோனது. வடக்கே சில தெருக்கள் மட்டும் தப்பின. மியோகொகுஜி கோயில் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கி நடந்தால், மர வீடுகளுக்கு இடையிலிருந்து இரும்படிக்கும் சத்தம் கேட்கிறது. பெயர்ப்பலகை தேட வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும்.

மொழிபெயர்க்க என்னோடு வந்தவர் ஒசாகாவில் வேலை பார்க்கும் நெல்லைத் தம்பி. முதல் பட்டறைக்குள் நுழைந்ததும் கண் எதுவும் தெரியவில்லை. “அண்ணாச்சி, பார்த்து வாங்க. கீழே எல்லாம் இரும்பு” என்றார். வேண்டுமென்றே இருட்டாக வைத்திருக்கிறார்கள். சூடேறிய இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் கொல்லர் வெப்பத்தைக் கணிக்கிறார். வெளிச்சம் அதிகமானால் அந்த நிறம் ஏமாற்றிவிடும்.

மூத்த கொல்லருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உலைக்கு முன்னால் தரையில் தோண்டிய குழிக்குள் நின்று வேலை செய்கிறார். உலையும் பட்டடையும் இடுப்பளவில் வருகின்றன. மெல்லிய இரும்புப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, மேலே வெங்காரமும் இரும்புத் தூளும் கலந்த பொடியைத் தூவி, எஃகுத் துண்டை வைத்து மறுபடி உலையில் தள்ளினார். எஃகு ஷிமானே மாகாணத்து யசுகியிலிருந்து வருவது. அதில் ‘வெள்ளைத் தாள்’, ‘நீலத் தாள்’ என்று இரண்டு வகை, சுற்றி வரும் தாளின் நிறத்தை வைத்து. வெள்ளை கலப்பில்லாத கரி எஃகு. நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ந்திருக்கும்.

வெளியே எடுத்ததும் பெல்ட்டில் ஓடும் இயந்திரச் சம்மட்டியின் கீழே கொடுத்தார். முதல் அடியில் பொறி அறை முழுக்கச் சிதறியது. சில நொடிகளில் இரும்பும் எஃகும் ஒட்டிக்கொண்டன. வெப்பம் கூடினால் எஃகு கெடும், குறைந்தால் ஒட்டாது. இடுக்கி பிடித்த கை அடிக்கு அடி திருப்பிக்கொண்டே இருக்க, கத்தியின் உடலும் கைப்பிடிக்குள் போகவேண்டிய வால் முனையும் மெல்ல உருவெடுத்தன. இரும்பு தாங்கிப் பிடிக்கும், எஃகு வெட்டும். சாணை பிடிப்பது சுலபமாவதும் வளைவை நிமிர்த்த முடிவதும் அந்த இரும்பின் தயவால்தான்.

தோய்ச்சல் வைக்கும் வேலையை அருகில் நின்று பார்க்க அனுமதித்தார். கத்தி முழுக்கக் களிமண் கரைசல் பூசிக் காயவைத்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கும்போது மேற்பரப்பு முழுதும் சீராகக் குளிர அந்தப் பூச்சு உதவும். ஏறக்குறைய 800 டிகிரி வரும்வரை உலையில் முன்னும் பின்னும் இழுத்தார். வெப்பமானி எதுவும் இல்லை. ஒரு கணத்தில் முகம் மாறியது; கத்தி தொட்டிக்குள் போயிருந்தது. பிறகு அதே கத்தியை லேசாகச் சூடாக்கி, விரலால் தண்ணீர் தெளித்தார். துளி உருண்டு ஓடிய விதத்தைப் பார்த்து, பதம் வந்துவிட்டது என்று எடுத்து வைத்தார். இந்தப் பதம் இல்லையென்றால் விறைப்பான எஃகு முதல் எலும்பிலேயே பல் உதிர்ந்துபோகும். கடைசியாகக் கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்து, எங்கோ ஒரு மயிரிழை வளைவைக் கண்டுபிடித்து, சின்னச் சுத்தியலால் தட்டினார். எனக்கு அந்த வளைவு தெரியவே இல்லை.

அவர் என்னிடம் கொடுத்தபோது அது கறுப்பாக, மொண்ணையாக இருந்தது. “நான் செய்தது வெட்டாது” என்றார். சொன்னதில் வருத்தம் இல்லை, வேலையின் எல்லையைச் சொன்னார். சகாயில் கத்தியை அடிப்பவர் கூர் வைப்பதில்லை, கூர் வைப்பவர் கைப்பிடி போடுவதில்லை. ஒவ்வொன்றும் தனித் தொழில், தனிப் பட்டறை, தனிக் குடும்பம். கொல்லர் முடித்த கத்தி மொத்த வியாபாரி வழியாகச் சாணை பிடிப்பவருக்குப் போகும்.

சில தெரு தள்ளி இருந்த சாணைப் பட்டறையில் நெருப்புக்குப் பதில் தண்ணீர். மார்பளவு ரப்பர் மேலங்கி போட்ட ஒருவர், சுழலும் பெரிய கல்லின் மேல் குனிந்திருந்தார். மரக்கட்டையில் பொருத்திய கத்தியை இரு கைகளாலும் கல்லோடு அழுத்த, சேறு பின்னால் விசிறியடித்தது. நகக்கண் எல்லாம் கறுப்பு. கொரகொரப்பான கல்லிலிருந்து வழவழப்பான கல்லுக்கு மாறி மாறிப் போகிறது வேலை. நடுவில் பலமுறை நிறுத்தி அவரும் கொல்லரைப் போலவே கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துத் தட்டினார்.

இந்தக் கத்திகளுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு. மறுபக்கம் தட்டையாகத் தெரியும். விரல் வைத்துத் தடவினால் நடுவில் லேசான குழிவு இருப்பது புரியும். அந்தக் குழிவால் வெட்டிய துண்டு கத்தியில் ஒட்டாமல் விலகுகிறது. பச்சை மீனை நறுக்கும் யனகிபா கத்தியை, குதிப்பகுதியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் இழுத்து வெட்டுவார்கள். சதை நசுங்காது, வெட்டிய முகம் பளபளக்கும். அந்தப் பளபளப்புக்குக் காரணம் இந்தச் சேற்றுக்குள் குனிந்திருப்பவர். இடக்கைக்காரருக்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிச் செய்யவேண்டும். அதனால் விலை கூடும். விலாங்கு அறுக்கும் கத்தியோ ஒசாகாவுக்கு ஒரு வடிவம், கியோத்தோவுக்கு ஒன்று, நகோயாவுக்கு ஒன்று, தோக்கியோவுக்கு ஒன்று.

மூன்றாவது இடம் கைப்பிடி போடுமிடம். தண்ணீருக்கு அசராத, எடை குறைந்த ஹோ மரம். வாயில் எருமைக் கொம்புப் பூண். வால் முனையைச் சிவக்கக் காய்ச்சி மரத்துக்குள் செருகியதும் புகை கிளம்பியது. கத்தி கீழே தொங்க, கைப்பிடியின் அடியை மரச்சுத்தியலால் தட்டத் தட்ட, கத்தி தானாக மேலேறி இறுகியது. உளியால் உடலில் எழுத்துகள் வெட்டப்பட்டன. யாருடைய பெயர் என்று கேட்டேன். மொத்த வியாபாரியின் பெயர்.

இது மோசடி இல்லை, இந்தத் தொழிலின் கட்டமைப்பே அப்படி. எந்தக் கொல்லரின் கத்தியை எந்தச் சாணைக்காரரிடம் கொடுப்பது, எந்தச் சமையற்காரருக்கு எது பொருந்தும் என்று தெரிந்து இணைப்பவர் அந்த வியாபாரி. குறை வந்தால் பதில் சொல்பவரும் அவர்தான். நெருப்பில் நிற்பவருக்குக் கடைத்தெருவைப் பற்றிக் கவலை இல்லாமல் போனதால் ஒரே வேலையில் ஆயுள் முழுக்க ஊற முடிந்தது. சகாய் கத்தியின் உயர்வுக்குப் பெரிய காரணம் இந்தப் பிரிவினை. ஆனால் புகழ் யாருக்கோ அவருக்கே விலையில் பெரும்பங்கும் போகும் என்பதும், அடித்தவரும் சாணை பிடித்தவரும் பெயரில்லாமல் போவார்கள் என்பதும் அதே பிரிவினையின் விளைவு.

கத்தியோடு சேர்ந்து வளர்ந்த இன்னொரு தொழிலையும் பார்க்காமல் திரும்ப மனமில்லை. ஒசாகாச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்ற சாறு. அதற்கு அடிப்படை கொன்பு என்ற கடற்பாசி. வடக்கே ஹொக்கைடோவில் விளையும் கொன்பு, எடோ காலத்தில் ஜப்பான் கடலோரமாகக் கிதமாயேபுனே கப்பல்களில் ஒசாகாவுக்கு வந்து குவிந்தது. நல்ல கத்தி சகாயில் இருந்ததால் அதைச் சீவும் தொழிலும் இங்கே வேர்விட்டது.

வினிகரில் ஊறவைத்துப் பதமாக்கிய கொன்புப் பட்டையின் ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையை இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலக்கைக் கத்தியால் வழிக்கிறார் தொழிலாளி. வெங்காயச் சருகை விட மெல்லிய ஏடு நீளமாக உரிந்து வருகிறது. பெயர் ஓபோரோ கொன்பு. கத்தியின் வாயை மயிரிழை அளவு ஒரு பக்கமாக மடித்துவிட்டால்தான் இப்படிச் சீவ வரும். அந்த மடிப்பைத் தொழிலாளியே போட்டுக்கொள்ள வேண்டும். மேலே கறுப்பு ஏடு, போகப் போக வெள்ளை ஏடு. கடைசியில் எஞ்சும் வெள்ளை நடுப்பட்டையும் வீண்போகாது. ஒசாகாவின் அயிலை சுஷியான பத்தெராவின் மேலே பளபளப்பாகப் போர்த்தியிருப்பது அதுதான்.

இந்தத் தொழிலில் கை குறைந்துவிட்டது. ஹொக்கைடோவில் இயற்கையாக வளரும் மகொன்பு என்ற கொன்பு வகையும் சில ஆண்டுகளாக வெகுவாகச் சரிந்திருக்கிறது. கடல்நீர் சூடாவதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். கத்திப் பட்டறைகளின் நிலை வேறு. வெளிநாட்டுச் சமையற்காரர்கள் தேடி வருகிறார்கள், கடைகளில் கூட்டம், ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். செய்யத்தான் ஆள் போதவில்லை. சகாய் கத்தித் தொழில் 1982-இல் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தது. மரபுக் கைவினைஞர் என்ற தகுதிக்குத் தேர்வெழுதவே 12 ஆண்டு அனுபவம் வேண்டும். கொல்லருக்கு வாரிசு கிடைத்துச் சாணைக்காரருக்குக் கிடைக்காவிட்டால், அந்தக் கொல்லரின் வேலையும் நின்றுபோகும். தொழிலை உயர்த்திய அதே பிரிவினை இப்போது அதன் பலவீனமும்கூட.

இளைஞர்கள் சிலர் வருகிறார்கள். இரண்டாவது பட்டறையில் ஓர் இளம்பெண் சாணைக்கல்லின் மேல் குனிந்திருந்ததைப் பார்த்தேன். “எத்தனை கத்தி கெட்டுப்போச்சுன்னு கேக்காதீங்கன்னு சொல்றாங்க, அண்ணாச்சி” என்று தம்பி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். சில கடைகளில் மாற்றமும் வந்திருக்கிறது. கத்திப் பெட்டியின் பக்கத்திலேயே அடித்தவர் பெயரையும் சாணை பிடித்தவர் பெயரையும் எழுதி வைக்கிறார்கள். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதை வெறும் மரியாதையாக நான் நினைக்கவில்லை. பெயர் தெரிந்தால் வேலை தேடி வரும், வேலைக்குத் தகுந்த கூலி கேட்க முடியும், கூலி இருந்தால் பிள்ளைகளோ வெளியார் பிள்ளைகளோ இந்த இருட்டுக்கும் சேற்றுக்கும் வரத் துணிவார்கள். ஒசாகாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு நாளை ஒதுக்கி டிராம் ஏறுங்கள். கத்தி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை அடித்தவர் யார், கூர் வைத்தவர் யார்? எத்தனை பேர் கேட்கிறார்களோ, அத்தனைக்கு அந்தப் பெயர்கள் வெளியே வரும்.