காலாவதியான அட்டை

போஸ்ட்கிராசிங்கின் அடுத்த மைல்கல் என்றைக்கு எட்டப்படும் என்று ஊகிப்பது அஞ்சலட்டை அனுப்புவோரிடையே பழைய விளையாட்டு. 2020இன் தொடக்கத்தில், புனே கணேஷ்கிண்டில் அறையெடுத்துத் தங்கியிருந்த நானும் அதில் இறங்கினேன். புள்ளியியல் படித்தவன் என்ற செருக்கு வேறு.

பாவ்லோ மகல்யாயிஸ் 2005 ஜூலையில் போர்ச்சுகலிலிருந்து தொடங்கியது இது. தளம் ஓர் அயலாரின் முகவரியையும் ஓர் எண்ணையும் தரும். அட்டையில் அவ்வெண்ணை எழுதி அனுப்பவேண்டும். பெற்றவர் அதைத் தளத்தில் பதிந்தால்தான் கணக்கில் ஒன்று கூடும். முதல் பத்து இலட்சத்தைத் தொட 2008 ஏப்ரல் ஆயிற்று, 33 மாதங்கள். அதே வேகத்தை நம்பியவர் ஒரு கோடிக்கு 2033 வரை காத்திருக்கவேண்டும். அது 2012 ஜனவரியிலேயே வந்துவிட்டது.

நான் அவ்வளவு பேதையல்லன். வேகமாற்றத்தைக் கணக்கில் கொண்டேன். ஆனால் 60 நாட்களில் பதியப்படாத அட்டைகளைத் தளம் காலாவதி எனக் குறிக்கும். அவற்றைத் தொலைந்தவை என்றே ஒதுக்கினேன். ஓராண்டு வரை அவற்றைப் பதியலாம் என்பது தெரிந்தும் ஒதுக்கினேன்.

மார்ச்சில் வெளிநாட்டு அஞ்சல் நின்றது. என் ஊகமும் பொய்த்தது. பிப்ரவரி இறுதியில் பின்லாந்துக்கு அனுப்பியிருந்த சனிவார் வாடா அட்டையை மறந்தே போனேன். அக்டோபரில் ஒரு காலை, 225 நாட்களுக்குப் பின், அது பதிவானது. "இன்றுதான் வந்தது, கோட்டையின் கதவு அழகு" என்று இரண்டே வரிகள்.

மகிழ்ச்சி ஒரு கணந்தான் நீடித்தது. அன்று மேசைமேல் என் ஆய்வேட்டின் நான்காம் இயல் கிடந்தது. பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் குடும்பங்கள் எப்போது ஊர் திரும்புகின்றன என்பது பொருள். 2019இல் மே இறுதிவரை திரும்பாத வீடுகளை 'நிலையாக இடம்பெயர்ந்தவை' என்று எழுதியிருந்தேன். அந்த எல்லையை வகுத்தவன் நான். என் விடுதி வாடகையும் பேருந்து அட்டவணையும் அதற்கு உதவின.

குறித்துவைத்திருந்த எண்களை அழைக்கத் தொடங்கினேன். ஓர் அம்மா சிரித்தார்: ஆலையில் அரவை முடிந்தபின் செங்கல் சூளையில் வேலை கிடைத்ததாம்; ஜூலையில் வீடு திரும்பினார்களாம். அடுத்த பருவத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என் அட்டவணையில் அவர் ஊரைவிட்டே போனவர்.

முடிவு தெரியாதவரை வெளியே தள்ளாமல், தெரிந்த நாள்வரை அவரையும் கணக்கில் வைத்துக்கொள்ளும் முறையைக் கப்லானும் மையரும் 1958இலேயே தந்துவிட்டார்கள். தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

நெறியாளரிடம் சென்று, இயலை முதலிலிருந்து எழுதவேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்படியானால் எப்போது சமர்ப்பிப்பீர்கள்?" என்றார்.

ஊகித்து ஒரு தேதி சொன்னேன்.