புத்தளத்திலிருந்து மன்னாருக்கு எந்த வழியாகப் போவது?

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பகுதி வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்த முறை ஊருக்குப் போய் வருவோமா?" ஊர் என்றால் முசலி, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி, எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். அன்று கைக்குழந்தையோடு வந்த பெண்கள் இன்று பாட்டிகள். 2009இல் போர் முடிந்த பின் சில குடும்பங்கள் திரும்பிக் குடியேறின. சில குடும்பங்கள் இங்கேயே நிலைத்துவிட்டன. பல குடும்பங்களுக்கு இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால். ஆகவே இந்தப் பயணம் ஓயாத பயணம். அதற்கு எந்த வழி நல்லது என்பதைச் சகோதரிகளே, உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன். வண்டியை யார் ஓட்டினாலும் பிள்ளைகளையும் முதியவர்களையும் சாப்பாட்டையும் கவனித்துப் புறப்படுகிறவர்கள் நீங்கள்தானே!

மூன்று வழிகள்

முதலாவது, பழைய மன்னார் வீதி. புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் போய், கலா ஓயாவைச் சப்பாத்துப் பாலத்தில் கடந்து, வில்பத்துக் காட்டினூடே மரிச்சுக்கட்டிக்கும் சிலாவத்துறைக்கும் போகும் பாதை. மன்னார் நகர் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரியவர்களின் ஞாபகத்தில் இருப்பது இந்த வழிதான். "இதோ இருக்கிற ஊருக்கு ஏன் அநுராதபுரம் சுற்ற வேண்டும்?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான்.

இரண்டாவது, பெரிய வீதி. புத்தளத்திலிருந்து கருவலகஸ்வெவ, நொச்சியாகம வழியாக அநுராதபுரம். அங்கிருந்து ரம்பாவ, மதவாச்சி. பின் செட்டிகுளம், மடுச் சந்தி, முருங்கன், தள்ளாடி. அதன்பின் 2010இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் ஏறினால் மன்னார்த் தீவு. மொத்தம் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். முசலிப் பக்கம் போகிறவர்கள் முருங்கனில் தெற்கே திரும்பிச் சிலாவத்துறை போகலாம்.

மூன்றாவது, அநுராதபுரத்துக்கு வடமேற்கே ஓயாமடுவ, தந்திரிமலை வழியாகச் செட்டிகுளம் பக்கம் ஏறும் உள்வீதி. மதவாச்சி சுற்று மிச்சமாகும். ஆனால் ஊர்கள் குறைவு, காடு அதிகம்.

காட்டு வழி ஏன் வேண்டாம்?

வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட காடு. 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. மழைநீர் தேங்கும் 'வில்லு'க்கள் நிறைந்த, யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் இடம். தெற்கே கலா ஓயா, வடக்கே மோதரகம் ஆறு. போருக்குப் பின் இப்பாதை திறக்கப்பட்டபோது, பூங்காவுக்குள் பொதுவீதி கூடாதென்று சுற்றாடல் அமைப்புகள் 2010இல் உயர் நீதிமன்றம் சென்றன. பாதை எங்கள் பாட்டன் காலத்தது என்பது உண்மை. காடு நாட்டுக்குப் பொதுவான அமானிதம் என்பதும் உண்மை. சட்டத்தின் கையில் உள்ள ஒரு வழியை நம்பிக் குடும்பத்தோடு புறப்படுவது புத்தியல்ல. அத்துடன் மாரியில் கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலம் நீருக்குள் போய்விடும். எலுவன்குளம் வரை வந்து திரும்புவதைவிட முதலிலேயே பெரிய வீதியைப் பிடிப்பது மேல்.

மூன்றாவது வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ்கள் தந்திரிமலையில் மறிக்கப்பட்டுச் சுடப்பட்டன, கற்களும் வீசப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பக்கத்து மக்களைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. இரவிலும் வைகறை இருளிலும் ஆளரவமற்ற உள்வீதியில் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

நீண்ட வழியும் தொழுகையும்

என்னிடம் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஹஸ்ரத், மரிச்சுக்கட்டிக்குக் காட்டு வழியில் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. அநுராதபுரம் சுற்றினால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாங்கள் தொழுகையைக் கஸ்ர் செய்யலாமா?"

நம் இமாம்கள் இதை அன்றே யோசித்திருக்கிறார்கள். ஓர் ஊருக்கு இரண்டு வழிகள்; ஒன்று கஸ்ருடைய தூரமான இரண்டு மர்ஹலாவுக்குக் குறைவு, மற்றது அதை எட்டும் என்றால், ஒருவர் ஏன் நீண்ட வழியில் போகிறார் என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு, பாதையின் இலகு போன்ற ஒரு காரணத்துக்காகப் போனால் கஸ்ர் செய்யலாம். தொழுகையைச் சுருக்கவே சுற்றிப் போனால் செய்யக் கூடாது. இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில் உள்ள ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு இதுவே. நீங்கள் சுற்றிப் போவது பாதுகாப்புக்காக. ஆகவே தயக்கம் வேண்டாம்.

அடுத்த கேள்வி மனதைத் தொடுவது. "அங்கே எங்கள் காணி இருக்கிறது, சொந்தங்கள் இருக்கிறார்கள். அங்கேயும் நாங்கள் பிரயாணிகளா?" ஆம். உங்கள் வசிப்பிடம் புத்தளமாகவே இருந்து, போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் நிய்யத்தும் இல்லையென்றால், காணியும் உறவும் மட்டும் உங்களை அங்கே ஊர்வாசியாக்கிவிடாது. பிறந்த மண்ணில் நின்று லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழும்போது ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். ஆனால் இச்சட்டம் உங்கள் உரிமையைப் பறிப்பதல்ல. பயணிக்கு அல்லாஹ் தந்த சலுகை. காணி உங்களுடையதுதான். உறுதியையும் வாக்காளர் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இதே கரையில் ஒரு பயணி

ஹிஜ்ரி 745இல், அதாவது 1344இல், மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்று இந்தக் கரைக்குத் தள்ளி வந்தது. அவர் 'பத்தாலா' என்றழைக்கும் ஊர் நம் புத்தளமே என்பது ஆய்வாளர் கருத்து. ஆரியச் சக்கரவர்த்தி அரசன் வேண்டியதைக் கேள் என்றபோது, பாவா ஆதமலைக்குப் போக வழி செய்து தரும்படி மட்டுமே கேட்டார். அரசன் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் தந்தான். அவர்களில் நால்வர் யோகிகள், மூவர் பிராமணர்கள். அரசனின் எல்லையிலிருந்த மனார் மண்டலி என்ற ஊரில் மக்கள் சோறும் நெய்யும் மீனும் பாலும் கொடுத்து உபசரித்தார்களாம். பின் சிலாபம் வழியாக, யானைகள் திரியும் நாட்டினூடே போனார்.

மலைக்கு ஏறவும் இரண்டு வழிகள் இருந்தன. கடினமானது பாவா வழி, இலகுவானது மாமா வழி, அதாவது ஹவ்வா வழி. அன்று கடினமான வழியில் ஏறுவதே சிறப்பென்று கருதினார்கள். அது தனி மனிதனின் ஸியாரத். பிள்ளைகுட்டிகளோடு போகிற நமக்கு இலகுவான வழியே சிறப்பு.

புறப்படுமுன்

சுபஹ் தொழுது, வெளிச்சம் வந்த பின் புறப்படுங்கள். கருவலகஸ்வெவப் பக்கம் யானைகள் வீதிக்கு வரும். இருளில் ஓட்ட வேண்டாம். பொசொன் போயாவில் அநுராதபுரமும், ஜூலை 2, ஆகஸ்ட் 15 திருவிழாக்களில் மடுச் சந்தியும் நெரிசலாக இருக்கும். அந்த நாட்களைத் தவிருங்கள். அநுராதபுர நகரில் பள்ளிவாசல் உண்டு. பிள்ளைகளுக்கு வுழூ, கழிப்பறைத் தேவைகளை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். மதவாச்சிக்கு அப்பால் கடைகள் தூரம் தூரமாக இருக்கும். சோற்றுப் பார்சலும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வானிலை அறிவிப்பைக் கேளாமல் கிளம்பாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது, பெரிய வீதியிலேயே கலா ஓயாப் பகுதியில் ஒரு பஸ் வெள்ளத்தில் சிக்கிப் பயணிகள் மீட்கப்பட வேண்டியதாயிற்று. வெள்ளம் வீதியை மூடியிருந்தால், "மற்ற வண்டி போகிறதே" என்று பார்க்காமல் திரும்பிவிடுங்கள். யார் முடிவெடுப்பது என்று வண்டியில் சண்டை வரக் கூடாது. மூவர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கிக் கொள்வது நபிவழி. அமீர் திரும்புவோம் என்றால் எல்லோரும் திரும்பட்டும்.

செட்டிகுளம் தாண்டியதும் பெரியவர்களை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். இந்தக் குளம் எது, அந்தப் பனங்கூடல் யாருடையது என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். அடுத்த பயணத்தில் அந்தப் பெரியவர் நம்மோடு இல்லாமற் போகலாம். அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி, எல்லோரையும் நலமே வீடு சேர்ப்பானாக! ஆமீன்.