வாப்பாவின் வருத்தமும் பிள்ளையின் வயிற்றுவலியும்

 

மௌலவி என்றால் மற்றவர்களுக்குப் புத்தி சொல்பவர் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசப் போகிறேன்.

அது 2022ஆம் ஆண்டின் பிற்பகுதி. அந்த நாட்களை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள் நீங்கள்தான். அந்த செப்டம்பரில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. ஆஸ்பத்திரிகளில் பல மருந்துகள் இல்லை. துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னார்கள்.

அப்போது நான் ஆறாம் தரத்துக்கு இஸ்லாம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு மகன். கெட்டிக்காரன், ஓதல் இனிமையானவன். ஆனால் சில மாதங்களாக முதலாம் பாடத்திலேயே தூங்கி விழுவான். பாடமாக்கிய சூராக்களை மறப்பான். ஒரு நாள் ஸூரா ளுஹாவை ஓதச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டான். “ஊர் சுத்துறதிலதான் உனக்கு நினைவு” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஏசினேன். அவன் பதில் பேசவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நடிக்கிறான் என்றே நினைத்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, அஸருக்குப் பின் அவனுடைய உம்மா அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

“மௌலவி, இவனுக்கு ஓதித் தாங்க. நாள் தவறாம காலையில வயித்துக்குத்து. டொக்டர்ட்ட காட்டினன், ஒரு வருத்தமும் இல்ல எண்டுட்டார். கண்ணூறாத்தான் இரிக்கும்” என்றார்.

ஓதிக் கொடுத்தேன். பிறகுதான் வீட்டு நிலைமையை விசாரித்தேன். வாப்பா மேசன் வேலை செய்தவர். சீனி வருத்தத்தில் காலில் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உழைப்பு நின்றுவிட்டது. உம்மா விடியுமுன் இடியப்பம் அவிக்கிறார். அதைச் சைக்கிளில் வைத்து கல்முனையில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இந்த மகன். வந்து, குளித்து, பள்ளிக்கூடம் வரவேண்டும். இதுதான் அவன் ஊர் சுற்றிய விதம்!

மகனைத் தனியாக அழைத்து, “காலையில எழும்பினதும் என்ன மகன் நினைப்பாய்?” என்று கேட்டேன். நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: “வாப்பா மூச்சி உடுறாரா எண்டு பாத்துட்டுத்தான் போவன். வகுப்புல இரிக்கக்குள்ளயும் அதுதான் நினைவு வரும்.”

சகோதரிகளே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், நானும் அப்படி ஒரு பிள்ளையாக இருந்தவன்தான்.

என் வாப்பாவுக்குத் தொய்வு வருத்தம். 1991இல், எனக்குப் பதினொரு வயதில், அரபுக் கல்லூரியில் சேர்த்தார்கள். மார்க்கம் படிக்கத்தான், ஆனாலும் அங்கே சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், வீட்டில் ஒரு வயிறு குறையும் என்பதும் உண்மை. வீட்டில் இருந்தபோது இரவெல்லாம் வாப்பாவின் இருமல் கேட்கும். இருமினால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். விடுதியில் அந்தச் சத்தம் இல்லை. அதனாலேயே தூக்கம் வராது. யுத்த காலம், பாதை மூடினால் ஊர்ச் செய்தியும் வராது. பாடம் மண்டையில் ஏறாது, அடி வாங்குவேன்.

ஓர் உஸ்தாத் மட்டும் அடிக்கவில்லை. இஷாவுக்குப் பிறகு தேநீர் ஊற்றித் தரச் சொல்லி அறைக்கு அழைப்பார். அந்தச் சாட்டில் வீட்டு விஷயம் கேட்பார். கிழமைக்கு ஒரு தபாலட்டை தந்து வாப்பாவுக்கு எழுதச் சொல்வார். அவர் என் வாப்பாவைக் குணமாக்கவில்லை, கடனை அடைக்கவில்லை. ஆனால் என் பயம் ஒருவருக்குத் தெரியும் என்ற ஆறுதல் கிடைத்தது. நான் மௌலவியானதே அவரால்தான். அப்படிப்பட்ட நான் என் மாணவனை அடையாளம் காணவில்லையே!

அந்த வயிற்றுவலி பொய்யல்ல. நம்மை நாய் துரத்தினால் என்ன நடக்கிறது? நெஞ்சு படபடக்கிறது, வயிறு இறுகுகிறது, உடம்பு ஓடத் தயாராகிறது. அதற்கான சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. நாய் போனதும் உடம்பு அடங்கிவிடும். ஆனால் வருத்தமும் வறுமையும் புகுந்த வீட்டில் நாய் போவதே இல்லை. கோர்ட்டிசோல் என்ற சுரப்பு நாட்கணக்கில், மாதக்கணக்கில் கூடி நின்றால் தூக்கம் கெடும், பசி கெடும், நினைவாற்றல் குறையும். சில பிள்ளைகள் பாயில் சலம் கழிப்பார்கள், சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் காரணமில்லாமல் தம்பி தங்கையை அடிப்பார்கள்.

தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. கரும்பு வெட்டுமுன் கடனில் நிற்கும்போதும், வெட்டிக் காசு கையில் வந்த பின்னும், அதே ஆட்களின் சிந்தனைத் திறனைச் சோதித்தார்கள். காசில்லாத காலத்தில் அதே மனிதர்கள் குறைவான புள்ளியே பெற்றார்கள். வெள்ளாமை வெட்டுமுன் நம் வீடுகளில் இருக்கும் மனநிலையை நினைத்துப் பாருங்கள். வளர்ந்தவர்களின் புத்தியையே கவலை தின்னுமென்றால், பதினொரு வயதுப் பிள்ளை சூராவை மறந்ததில் என்ன ஆச்சரியம்?

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. பிள்ளைகளின் மனக்காயத்தைப் பற்றி அதன்பின் எல்லோரும் பேசினோம். வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் தண்ணீரை மட்டும் யாரும் காண்பதில்லை.

அப்படியானால் ஏழைப் பிள்ளைகள் எல்லோரும் கெட்டுப்போவார்களா? இல்லவே இல்லை. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த ஏறக்குறைய 700 பிள்ளைகளை, எமி வேர்னர் என்ற பெண் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயதுவரை கவனித்தார்கள். வறுமையும் குடும்பக் கஷ்டமும் மிகுந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்திருந்த முக்கிய உதவி, தங்களை விடாமல் நேசித்த ஒரு பெரியவர். சிலருக்கு மூத்தம்மா, சிலருக்கு அண்டை வீட்டார், சிலருக்கு ஆசிரியர். எனக்கு என் உஸ்தாத்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பிறக்குமுன் தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயையும் எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். அவர்கள் அநாதையாகவும் வறியவராகவும் இருந்ததை அல்லாஹ் நினைவுபடுத்துவது, என் மாணவன் மறந்த அதே ஸூரா ளுஹாவில்தான். அபூ உமைர் என்ற சின்னப் பிள்ளையின் குருவி இறந்தபோது, அந்தப் பிள்ளையின் கவலையைக் கண்டு குருவியைப் பற்றியே அன்போடு விசாரித்தார்கள். பிள்ளையின் கவலையைச் சின்ன விஷயமாக அவர்கள் எண்ணவில்லை.

ஆகவே, வருத்தக்காரர் இருக்கும் வீட்டு உம்மாமாரே, உங்களுக்குச் சில வார்த்தைகள்.

வருத்தத்தை மறைக்காதீர்கள். பிள்ளைக்கு விளங்கும் அளவில், நான்கு வரியில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், “நான் சொல் கேக்காததாலதான் வாப்பாக்கு வருத்தம்” என்றுகூட அது நினைத்துக்கொள்ளும். அதே நேரம் கடன் கணக்கையும் சொந்தக்காரர் மீதுள்ள குறையையும் பிள்ளையிடம் கொட்டாதீர்கள். அந்தச் சுமைக்கு அதன் தோள் போதாது. எது மாறினாலும் மஃரிபுக்குப் பின் ஓதுவது, ஒன்றாக இருந்து சாப்பிடுவது, படுக்கும் நேரம், இவற்றை மாற்றாதீர்கள். பிள்ளை வீட்டுக்கு உதவட்டும், அது பெருமைதான். தூக்கமும் விளையாட்டும் பறிபோகக் கூடாது. வலி நீடித்தால் டொக்டரிடம் முதலில் காட்டுங்கள், ஓதியும் பாருங்கள். இரண்டுக்கும் பிறகு, பிள்ளையிடமும் கேளுங்கள்.

அயல் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளையைக் கண்டதும் “பாவம்” என்று சொல்லாதீர்கள். உதவியை அதன் கையில் எல்லோரும் பார்க்கக் கொடுக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “இண்டைக்கு என்ன விளையாட்டு?” என்று கேளுங்கள்.

மறுநாள் நான் அதே வகுப்பில், அதே பிள்ளைகளுக்கு முன்னால், அந்த மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். இடியப்பத்தைக் கொண்டுபோகும் பொறுப்பை எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவன் எடுத்துக்கொண்டான். வாப்பாவிடமும் பேசினேன். கால் போனாலும் கணக்குச் சொல்லிக்கொடுக்க வாய் இருக்கிறதே என்றேன். அவர் மாலையில் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். காலையில் மகன் வகுப்புக்குள் வரும்போது, “வாப்பா எப்படி?” என்று கேட்பேன். “நல்லம் மௌலவி” என்பான். இவ்வளவுதான் நாங்கள் செய்தது. வறுமை போகவில்லை. வயிற்றுவலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அடுத்த தவணையில் ஒரு நாள் நான் கேட்காமலே எழுந்து நின்று ஸூரா ளுஹாவை முழுதாக ஓதினான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். இன்றைக்கே அதைக் கூப்பிட்டு விசாரியுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு நிம்மதியைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.