ஓரம் மடித்த தகரம்

எண்ணெய் தீர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் டின்னுக்கு மவுசு. ஒரகடம் கூட்டுரோட்டில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். பஜ்ஜிக்கும் வடைக்கும் எண்ணெய் 15 கிலோ டின்னாகவே வரும். அது எப்போது காலியாகும் என்று ஆயா ஒரு பக்கம் காத்திருப்பாள், நாங்கள் ஒரு பக்கம். ஆயா கணக்கில் அது மரத்தூள் அடுப்பு. எங்கள் கணக்கில் லாரி. பெரும்பாலும் ஆயாதான் ஜெயிப்பாள்.

எண்பதுகளின் ஒரகடத்தைச் சொன்னால் இன்றைக்கு அங்கே வேலைக்கு வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கபெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கொள்ளும் இடம். சுற்றிலும் ஏரி, வயல். ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிற கூட்டம்தான் எங்கள் கடைக்குப் பெரிய வியாபாரம்.

ஆயாவின் மரத்தூள் அடுப்புக்கு முதலில் டின்னின் மேல்தகட்டை உளி வைத்து வெட்டி எடுக்க வேண்டும். பீட்டர் டுராண்ட் என்பவர் 1810இல் லண்டனில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதைத் திறப்பதற்கென்று ஒரு கருவி வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்றாம். அதுவரை வெள்ளைக்காரனுக்கும் உளியும் சுத்தியலும்தான். மேல்தகட்டை எடுத்த பிறகு டின்னின் அடியில் ஒரு பக்கமாகக் கை நுழையும் ஓட்டை. ஆயா நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்துவாள். ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகிப் பாட்டிலின் அடியில் முட்டவிடுவாள். சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கெட்டியாக இடிப்பாள். பாட்டிலைத் திருகித் திருகி மேலே உருவி, கட்டையையும் இழுத்துவிட்டால் மரத்தூளுக்குள் நேரான குழி நிற்கும். அடியில் தீ வைத்தால் போதும், ஊதவே வேண்டாம். மணிக்கணக்கில் கனன்று எரியும்.

இதையெல்லாம் நாங்கள் வேடிக்கை பார்த்தோம், அவ்வளவுதான். தகர வேலையைக் கற்றுக்கொண்டது ஸ்ரீபெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த பாய் கடையில். மண்ணெண்ணெய்ப் புனல், சிம்னி விளக்கு, உண்டியல், எண்ணெய் அளக்கும் குவளை எல்லாம் அங்கே பழைய டின்னிலிருந்து பிறக்கும். சில உண்டியல்களின் உள்பக்கத்தில் டால்டா பனைமரம் தலைகீழாகத் தெரியும். பற்றுவைக்கும் செப்புக்கட்டி கரி நெருப்பில் காய்ந்துகொண்டிருக்கும். பாய் அதை எடுத்து நவச்சாரத்தில் ஒரு தேய் தேய்ப்பார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பி மூக்கை எரிக்கும். துத்தநாகத் துண்டைப் போட்டுக் கரைத்த திராவகத்தை இணைப்பில் குச்சியால் தடவுவார். ஈயக்கம்பியை அதன் மேல் வைத்துச் சூடான கட்டியை மெதுவாக இழுத்தால், ஈயம் உருகி இடுக்குக்குள் தானே ஓடிப் புகுந்துகொள்ளும். டின் என்பது இரும்புத் தகடுதான். இரு பக்கமும் மெல்லிசாக வெள்ளீயம் பூசியிருப்பதால் பற்று சுலபமாகப் பிடிக்கிறது. அந்தப் பூச்சில் கீறல் விழுந்தால் அங்கிருந்தே துரு ஆரம்பம்.

வாய் விளிம்பில் மெல்லிய கம்பியை வைத்து, தகரத்தை அதன் மேல் மரச்சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருட்டுவார். விரலை ஓட்டிப் பார்த்தால் வழவழவென்றிருக்கும். “தம்பி, வெட்டறதை எவன் வேணா வெட்டுவான். ஓரத்தை மடிக்கணும். மடிக்காத தகரம் கத்திடா” என்பார்.

அந்தப் பேச்சைச் சரியாகப் பிடித்துக்கொண்டவன் பெரியம்மா மகன், அண்ணன். ஆயா விட்டுக்கொடுத்த ஒரு துருப்பிடித்த டின்னை வெட்டித் தட்டையாக்கி, ஆணியால் கோடு கிழித்து, ஓரமெல்லாம் உள்ளே மடித்து லாரிப் பெட்டி செய்தான். முன்பக்கத்துக்குப் பவுடர் டப்பா, அச்சுக்குக் குடைக்கம்பி, சக்கரத்துக்கு அறுந்த ரப்பர் செருப்பு. பின்கதவுதான் அவன் கைவரிசை: தகரத்தை ஆணியின் மேல் சுருட்டி நிஜமாகவே திறந்து மூடும் கீல் வைத்தான். ஏரிக்கரை மணலை ஏற்றி இறக்கியே எங்கள் லீவு தீர்ந்தது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் டைம்லர். எங்கள் ஊரில் இப்போது நிஜ லாரியே செய்கிறார்கள். அண்ணனும் கார்க்கதவு செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். முக்கால் மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்து அமுக்குகிற பிரிவு. ஹெம்மிங் என்று பெயர். எப்படிடா இருக்கு என்று பெரியம்மா கேட்டதற்கு, “இன்னா பெருசா? பாய் வேலைதாம்மா. மெஷின் பண்ணுது” என்றான்.

இப்போது பள்ளிகளில் டப்பாவைச் சுற்றிக் கலர் பேப்பர் ஒட்டி, பேனா ஸ்டாண்டு என்று கொண்டுவரச் சொல்கிறார்கள். அது ஒட்டுகிற வேலை. தகர வேலை இல்லை. பிள்ளைக்குக் கெட்டியான கையுறை மாட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, வெட்டுவதற்கு முன்னால் மடிக்கக் கற்றுக்கொடுங்கள். ஈயப்பற்று மட்டும் வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது. காலி எண்ணெய் டின் பழைய சாமான் கடைகளில் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது.