பல்புமேல் பழி

சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் வழியில் இருக்கிறது குடிபாலா. கடைப் பலகைகள் தெலுங்கில், கடைக்குள் பேச்சு பாதிக்குப் பாதி தமிழில். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை வட ஆற்காட்டோடு இருந்த பூமி. அதனால் இதில் வியக்க ஒன்றுமில்லை. நான் போனது மாங்காய் சீசனில். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்களும் பிக்கப் வண்டிகளும் கூழ் ஆலைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சாலையோரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்கு இதுதான் அறுவடைக் காலம்.

அப்படியொரு கடை வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஹெட்லைட் மங்கலாக எரிகிறதாம். ஓட்டுநர் கையோடு புது பல்பு வாங்கி வந்திருந்தார். கடை மேஸ்திரி அதை வாங்கி டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு மீட்டரை எடுத்தார். "எல்லாரும் பல்புமேலதான் பழி போடுவாங்க சார்."

முதலில் ஹெட்லைட் கப்ளரை பல்பிலிருந்து கழற்றி, சுவிட்சைப் போட்டு அதில் அளந்து காட்டினார். பேட்டரியில் உள்ள 12 வோல்ட் அப்படியே இருந்தது. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் இப்படித்தான் காட்டும்; கரன்ட் ஓடினால்தான் குட்டு வெளிப்படும். கப்ளரைத் திரும்ப மாட்டி விளக்கை எரியவிட்டார். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவிலும், இன்னொன்றை ஹெட்லைட்டின் எர்த் ஒயரிலும் வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்குமேல் காட்டியது.

ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். 60 வாட் பல்பு, 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது. வழியில் வெறும் 0.2 ஓம் தடை சேர்ந்தாலே ஒரு வோல்ட் அங்கே தங்கிவிடும். ஃபிலமென்ட் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறையும். 12 வோல்ட் 11 ஆனால் ஏறத்தாழ கால்பங்கு வெளிச்சம் போய்விடும்.

எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினார்கள். ஒயர் முனையிலுள்ள லக்குக்கு அடியில் துரு, துருவுக்கு அடியில் பழைய பெயின்ட். அவரிடம் தொழில் பழகும் பையன் உப்புத்தாளால் தகரம் பளிச்சிடும்வரை தேய்த்தான். ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கினான். அதன்பிறகுதான் மேலே கிரீஸ். "இறுக்குறதுக்கு முன்னாடி அப்பினா உலோகத்துக்கு நடுவுல போய் உக்காந்துக்கும்டா" என்று மேஸ்திரி முன்பு ஏசியிருப்பார் போலிருக்கிறது. பையன் என்னிடம் அதை அவர் குரலிலேயே சொன்னான்.

பிறகு மேஸ்திரி வண்டியின் பின்பக்கம் போனார். ஆலை வாசலில் வண்டிகள் காத்துக் கிடக்கும்போது அடியில் நசுங்கிய மாங்காயின் சாறு தளத்தின் இடுக்குகளில் இறங்குகிறது. புளித்த சாறு செம்புக்கு ஆகாது. டெயில் லாம்ப் கப்ளரைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. மேஸ்திரி ஒயரை வெட்டி, பிளாஸ்டிக் உறையை உரித்தார். கறுத்த இழைகள். இன்னும் மேலே வெட்டினார், அங்கேயும் கறுப்பு. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியில் ஈரம் தானாகவே ஏறிவிடும். வெளியே உறை புதிதுபோல மின்னிக்கொண்டிருக்கும். ஈரத்தோடு கரன்டும் இருந்தால் பாசிட்டிவ் பக்கச் செம்பு மின்பகுப்பில் கரைந்துகொண்டே போகும். 2021 நவம்பரில் திருப்பதி, சித்தூர்ப் பக்கம் வெள்ளம் வந்ததே, அதுபோல தண்ணீரில் நின்ற வண்டிகள் உலர்ந்ததும் ஓடத்தான் செய்யும். கோளாறு மாதங்கள் கழித்துத் தலைகாட்டும்.

செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் சேர்த்தார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றவில்லை. கிரிம்பிங் பிளையரால் ஜாயின்ட்டை நசுக்கி, சூடு பட்டால் சுருங்கும் ஸ்லீவை ஏற்றினார். உள்ளே பசையுள்ள ஸ்லீவ். ஓரத்தில் பசை கசிந்தால்தான் நீர் புகாது என்று நம்புகிறார். கப்ளருக்குள் நுழையுமுன் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தார். வழிந்து வரும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினார், கூரைக்கு ஓடு வேய்வதைப்போல, மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் ஏறி உட்கார. அடி முனையை மூடவில்லை. உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டுமாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைக் கடையிலேயே சேர்ப்பதில்லை. அது உலரும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலமே செம்பைத் தின்றுவிடும்.

பேட்டரி முனையில் பூத்திருந்ததை ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவினான் பையன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

கணக்கு வந்தபோதுதான் பேச்சு சூடானது. மேஸ்திரி துண்டுச்சீட்டில் எர்த் சுத்தம், ஜாயின்ட், பேட்டரி என்று தனித்தனியாகக் கூலி எழுதியிருந்தார். ஓட்டுநர் ஜாயின்ட் கூலியில் விரலை வைத்தார். "எஃப்.சி.க்கு லைட் எரிஞ்சாப் போதும்ணா, இதுக்கெல்லாம் எதுக்குக் காசு?" எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டி வருடாவருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சோதனையின்போது விளக்கு எரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். உறைக்குள் செம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் உரித்துப் பார்ப்பதில்லை. மூடி மறைக்கும் வேலைக்குக் கூலி கேட்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய கஷ்டம். டேப் மட்டும் சுற்றி அனுப்புகிறவரிடம் அதே வண்டி மழைக்காலத்தில் திரும்பி வரும், மறுபடி காசு தரும். நன்றாக மூடுகிறவருக்கு அந்த வருமானம் கிடையாது.

மேஸ்திரி வாதாடவில்லை. வெட்டிய கறுப்பு ஒயரை ஓட்டுநர் கையில் கொடுத்தார். திறக்காத பல்பையும் திருப்பித் தந்து, வாங்கிய கடையிலேயே கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளச் சொன்னார். பேட்டரி கூலியைத் தள்ளிவிட்டார். ஜாயின்ட் கூலியில் மட்டும் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.