மிச்சக் காசு

கடையில் மிச்சக் காசு கேட்பதற்கு வெட்கப்படும் பெண்கள் நம்மில் ஏராளம். "ரெண்டு ரூபாதானே, போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்து சாமான் பையை விரித்துக் கணக்குப் பார்க்கும்போதோ, அந்த இரண்டு ரூபா மனதை உறுத்திக்கொண்டே இருக்கும். நாம் அதை மனமுவந்து கொடுக்கவில்லை. வாய் திறந்து கேட்கவும் இல்லை. வெட்கத்தினால் இழந்தோம்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று சகோதரிகள் கேட்கலாம். வேண்டும் என்றே நினைக்கிறேன். நாலு சதம் குறைந்தால் ஒரு பெண்ணின் நாணயமே சந்தேகத்துக்கு ஆளாகும் என்பதை நான் பிற நாட்டில் அனுபவித்து அறிந்தவள்.

என் ஊர் தோப்பூர். 1997ஆம் ஆண்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். மாதச் சம்பளம் 35 தினார். அப்போது ஒரு தினார் நம் காசில் ஏறக்குறைய இருநூறு ரூபா. நமக்கு ஒரு ரூபாவுக்கு நூறு சதம் என்பது பழக்கம். அங்கே ஒரு தினாருக்கு ஆயிரம் பில்ஸ். 5, 10, 20, 50, 100 பில்ஸ் என்று குத்திகள். அதற்கு மேலே கால் தினார், அரைத் தினார், ஒரு தினார் என்று தாள்கள். முதல் இரண்டு வாரமும் இரவில் படுக்கும்போது அந்தக் குத்திகளைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தே பழகினேன். பிறர் காசைக் கையாளுகிறவள் கணக்கில் தடுமாறக்கூடாது என்று உம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டிலிருந்து நாலு எட்டில் ஒரு சிறு கடை. இப்படிப்பட்ட கடையை அங்கே பக்காலா என்பார்கள். ரொட்டி, முட்டை, தயிர், பிள்ளைகளுக்குச் சாறு என்று நாளுக்கு இரண்டு தரமாவது மேடம் என்னை அனுப்புவார். அரைத் தினாரைக் கொடுத்தால் சாமானும் வரும், மிச்சமும் வரும். ஆனால் மிச்சத்தில் 20 பில்ஸோ 30 பில்ஸோ குறையும். அதற்குப் பதிலாக இரண்டு சூயிங்கம் துண்டுகளைக் கடைக்காரர் மேசையில் வைப்பார். கேட்டால் "குர்தா மாபி" என்பார். மாத்தின காசு இல்லை என்று அர்த்தம். அந்தச் சூயிங்கத்தை நான் வீட்டு வாசலைத் தாண்டுமுன்பே பிள்ளைகள் பிடுங்கித் தின்றுவிடுவார்கள்.

மேடம் ஒரு கொப்பியில் கணக்கு எழுதி வைப்பவர். ஒரு வெள்ளிக்கிழமை கணக்கைக் கூட்டிப் பார்த்ததில் 340 பில்ஸ் குறைந்தது. அவர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "நீ எடுத்தாயா?" என்று ஒரே ஒரு கேள்விதான். நம் காசில் அது எழுபது ரூபாவும் வராது. ஆனால் அந்தக் கேள்வியின் பாரம் எனக்குத்தான் தெரியும். அந்நிய நாடு, அந்நிய வீடு, பாஷையும் அரைகுறை. கடைக்காரர் சூயிங்கம் தந்தார் என்று சொன்னேன். அவர் நம்பியதாகவும் தெரியவில்லை; நம்பாததாகவும் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை.

அடுத்த வீட்டில் வேலை செய்தவர் வெருகலைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். என்னைவிட வயதில் மூத்தவர். ஊரில் இருந்தவரை, சண்டைக் காலம் என்பதால், நாங்கள் வெருகல் பக்கம் போவதே அரிது. அங்கேயோ, மாலையில் குப்பை கொட்ட வெளியே வரும்போது இருவரும் ஊர்க்கதை பேசுவோம். அவரை நான் வெருகலக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைக் கேட்டு வாங்கிவிட்டார்.

"தங்கச்சி, வாயால சொல்லி வேலையில்ல. கடைக்காரன் தந்தத அப்படியே கொண்டு போய்க் காட்டு. பிள்ளைகளுக்குக் குடுக்காத. அவங்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்.

அவர் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வெறும் பால்மா டின் ஒன்று. கடையில் மிச்சத்துக்குப் பதிலாக எது கிடைத்தாலும் அதற்குள் போட்டுவிடுவார். கூடவே ஒரு துண்டுக் கடதாசி: திகதி, கொடுத்த காசு, சாமான் விலை, குறைந்த தொகை. மாத முடிவில் டின்னை வீட்டுக்காரியின் முன்னால் வைத்துவிடுவார்.

நானும் அப்படியே செய்தேன். மூன்று கிழமையில் இருபத்து மூன்று சூயிங்கம் சேர்ந்தது. கடதாசியில் இருந்த கணக்கையும் மேடத்தின் கொப்பியையும் ஒப்பிட்டபோது ஐந்து பில்ஸ் கூட வித்தியாசம் இல்லை. மேடம் டின்னை எடுத்துக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். ரொட்டி ஒரு பொதி எடுத்தார். டின்னை மேசையில் கவிழ்த்தார். "நீ இதைக் காசாகத்தானே எங்களுக்குத் தந்தாய்? இப்போது நான் காசாகத் தருகிறேன், எடுத்துக்கொள்" என்றார். கடைக்காரர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரும் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்தான். கடைசியில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு கொப்பி போட்டார். மாத்தின காசு இல்லாத நாளில் குறைவதை அதில் எழுதி, அடுத்த நாள் விலையில் கழிப்பது என்று ஏற்பாடு.

மேடம் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வழக்கம் அங்கே இல்லை. ஆனால் அதன்பின் என் கடைக் கணக்கை அவர் கூட்டிப் பார்த்ததும் இல்லை.

இதில் நான் கற்றது ஒன்று. கடைக்காரருக்கு 20 பில்ஸ் பெரிதல்ல, வீட்டுக்காரிக்கும் பெரிதல்ல. இருவருக்கும் நடுவே காசைச் சுமந்து போகிறவளுக்குத்தான் அது பெரிது. குறைந்த காசுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் 20 பில்ஸ் குறைத்தால் இரண்டு தினார். மாதத்துக்கு 60 தினார். இரவு பகலாக நான் உழைத்த சம்பளத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் பொருந்துகிற வார்த்தை அல்ல.

சின்னக் குத்திகள் இல்லாமல் போவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். அதற்கு நேர்மையான வழியும் உண்டு. அவுஸ்திரேலியா 1992இல் ஒரு சத, இரண்டு சதக் குத்திகளைப் புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. கனடா 2013 பெப்ரவரியில் ஒரு சதக் குத்தியை விநியோகிப்பதை நிறுத்தியது. அங்கே காசாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையின் கடைசியில் 1, 2 சதம் வந்தால் கீழே குறைப்பார்கள். 3, 4 வந்தால் ஐந்தாகக் கூட்டுவார்கள். ஒரு நாள் கடைக்கு இலாபம், மறுநாள் வாங்குகிறவருக்கு இலாபம். பக்காலாவின் சூயிங்கம் கணக்கிலோ இலாபம் எப்போதும் ஒரே பக்கம்தான்.

குர்ஆனில் 83ஆவது அத்தியாயத்தின் பெயரே 'அல் முதப்பிபீன்'. அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்கள் என்பது பொருள். தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவரை அது கண்டிக்கிறது. மரக்காலும் தராசும்தான் அளவை என்று நாம் நினைக்கிறோம். மிச்சக் காசும் ஓர் அளவைதான்.

இனி, கொடுக்கிற காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஜம்மியா என்ற கூட்டுறவுக் கடைக்கு மேடத்துடன் போவேன். சாமான்களைப் பையில் போட்டுக் காருக்குத் தள்ளிக்கொண்டு வர வங்காளப் பையன்கள் நிற்பார்கள். மேடம் அவர்களுக்கு 100 பில்ஸ் கொடுப்பார். சூயிங்கத்துக்காகக் கடைக்காரருடன் வாதாடிய அதே பெண், இந்த 100 பில்ஸைக் கணக்கே பார்க்காமல் கொடுத்தார். முன்னையது கேட்காமல் எடுக்கப்பட்டது. பின்னையது அறிந்து, முகம் பார்த்துக் கொடுத்தது. காசின் அளவை வைத்து இந்த வேறுபாடு வருவதில்லை. கொடுப்பவரின் சம்மதத்தை வைத்தே வருகிறது.

ஆனால் அந்தப் பையன்களில் ஒருவன் சொன்னதைக் கேட்டபோது வேறொன்றும் விளங்கியது. கையில் விழும் அந்தக் காசுதான் அவனுக்கு வருமானம். சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லையாம். அப்படியானால் அது அன்பளிப்பா, கூலியா? எங்களுக்குள்ளும் இது நடந்தது. பெருநாளுக்கு வரும் விருந்தாளிகள் வேலைக்காரப் பெண்களின் கையில் ஒரு தினார், இரண்டு தினார் வைப்பார்கள். வெருகலக்காவுக்கும் கிடைக்கும், யாரும் மார்க்கம் பார்த்துக் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் வீட்டிலோ, அந்தக் காசைக் கணக்கெடுத்து மாதச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். விருந்தாளி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். அது போய்ச் சேர்ந்ததோ வீட்டுக்காரருக்கு.

பெரிய நாடுகளிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 'டிப்ஸ்' வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டொலர். 1991இலிருந்து அது ஏறவே இல்லை. மிச்சத்தைச் சாப்பிட வந்தவர்கள் தரும் டிப்ஸ் நிரப்பும் என்பது கணக்கு. ஜப்பானிலோ டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. வைத்துவிட்டுப் போனால் மறந்து விட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து கொடுப்பார்களாம். நம் நாட்டு ஹோட்டல்களில் பில்லின் அடியில் 10 வீதம் சேவைக் கட்டணம் என்று போட்டிருப்பார்கள். அதைப் பாராமல் மேலும் கொடுக்கிறவர்கள் உண்டு. கொடுக்கட்டும், ஆனால் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதை அறிந்து கொடுக்கட்டும்.

2001இல் நான் ஊருக்குத் திரும்பியபோது, பேசிய கூலிக்கு ஏறிய வானில், பாதி வழியில், இருட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாரதி கேட்டார்: "வெளிநாட்டால வாறீங்க. சந்தோசமா ஏதாவது பாருங்க." ஒரு பெண், இரண்டு பெட்டி, முன்பின் தெரியாத இடம். கொடுத்தேன். அதைச் சந்தோசம் என்று எப்படிச் சொல்வது? வெளிநாடு போய்வரும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். வீட்டிலிருந்து தெரிந்த ஒருவர் வந்து கூட்டிப் போவதே நல்லது. வாகனம் பிடிப்பதானால் ஏறுமுன்பே கூலியையும், அதற்கு மேல் எதுவும் இல்லை என்பதையும் பேசிவிட வேண்டும்.

இப்போது நானும் என் கணவரும் வெருகலில் வீதியோரம் ஒரு சிறு கடை வைத்திருக்கிறோம். முன்பு ஆற்றைக் கடக்கப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். 2011இல் பாலங்கள் திறந்தபின் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே வாகனங்கள் நேரே ஓடுகின்றன. சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் சனம் அலைமோதும். வெருகலக்காவும் ஊரில்தான் இருக்கிறார். 2006இல் அவர்களும் இடம்பெயர்ந்தார்கள், மூதூர்ப் பக்கத்து நாங்களும் இடம்பெயர்ந்தோம்; திரும்பி வந்தபின் மறுபடியும் சந்தித்துக்கொண்டோம்.

கடை வைத்தபின்தான் மேசையின் மறுபக்கத்துச் சங்கடமும் விளங்கியது. மாத்தின காசு உண்மையாகவே தட்டுப்பாடு. காலையில் முதல் ஆளே ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டுவார். அதற்காக டொபியைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பள்ளிவாசல் உண்டியலைத் திறக்கும்போது தாளைக் கொடுத்துக் குத்திகளாக மாற்றிக்கொள்கிறோம். திருவிழா முடிந்ததும் கோயிலிலும் மாற்றித் தருகிறார்கள். அப்படியும் குறைந்தால் கொப்பியில் எழுதுகிறோம். குவைத்துக் கடைக்காரர் மேடத்துக்குப் பயந்து செய்ததை நாங்கள் எல்லாருக்கும் செய்கிறோம். சின்னப் பிள்ளை வந்தாலும் மிச்சத்தைக் கையில் எண்ணிக் கொடுத்து, ஒரு துண்டில் எழுதி அனுப்புகிறோம். வீட்டில் போய் அந்தப் பிள்ளை ஏச்சு வாங்கக்கூடாது.

சகோதரிகளே, மேசையை விட்டு நகருமுன் மிச்சத்தை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் மெதுவாகக் கேளுங்கள். கேட்பது கஞ்சத்தனம் அல்ல. பஸ்ஸில் ஏறுமுன் மாத்தின காசை எடுத்து வையுங்கள். குறித்த விலைக்கு மேலே விற்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கூடிய காசு தவறி வந்துவிட்டால் திருப்பிக் கொடுங்கள். விட்டுவிட விரும்பினால் "இது உங்களுக்கு" என்று சொல்லியே விடுங்கள். அப்போது அது ஸதக்காவாகும்.

முக்கியமாக ஒன்று. இன்று நம்மில் பல வீடுகளில் உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாள். அல்லது அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். காசு குறைந்தால் உடனே அவள் முகத்தைப் பார்க்காதீர்கள். முதலில் பற்றுச்சீட்டைப் பாருங்கள், பிறகு கடையைக் கேளுங்கள். பெருநாளைக்கு யாராவது அவள் கையில் ஏதாவது வைத்தால் அது அவளுடையது. சம்பளத்தில் அதைக் கழிக்க யாருக்கும் உரிமையில்லை.